பரண்மேல் மாமனாரின் துப்பாக்கி

கேள்வி, 3 பிப்ரவரி 2024

சென்னையில் இருக்கிறோம். கணவரின் ஊர் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசம். பையனுக்கு 7, பெண்ணுக்கு 4. கோடை லீவு முழுக்க மாமனார் வீட்டில்தான். அங்கே லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று இருக்கிறது, இரட்டைக்குழல். பொங்கலுக்குப் போனபோது அது எங்கே என்று மாமியாரிடம் கேட்டேன். "பரண்ல கிடக்கு, குண்டு இல்ல, பசங்களுக்குத் தெரியாது" என்றார். கணவரோ, "நானும் அந்த வீட்லதான வளந்தேன், எனக்கு என்ன ஆச்சு?" என்கிறார். நான்தான் ரொம்பப் பயப்படுகிறேனா? மாமாவிடம் இதை எப்படிக் கேட்பது?

3 பிப்ரவரி, இரவு

ரொம்ப இல்லை. உங்கள் மாமியார் சொன்ன மூன்றையும் எங்கள் வீட்டிலும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

திருக்காட்டுப்பள்ளி பக்கம், குடமுருட்டிக் கரையில் பழைய ஓட்டு வீடு எங்களுடையது. கொள்ளிடப் படுகையில் வாழை போட்டிருந்த காலத்தில் அப்பா லைசென்ஸ் எடுத்து ஒரு பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் வாங்கினார். தோட்டாவைத் தட்டும் சுத்தியலைக் குதிரை என்போம், அது இரண்டும் வெளியே தெரியும் பழைய மாடல். பன்றி வந்தால் ஆகாயத்தைப் பார்த்து ஒரு வெடி. அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

எனக்கு ஒன்பது வயது. பெரியப்பா மகனுக்குப் பன்னிரண்டு. தீபாவளி லீவு, அடைமழை, வெளியே தலை நீட்ட முடியவில்லை. பெரியவர்கள் பக்கத்து ஊரில் ஒரு கருமாதிக்குப் போயிருந்தார்கள். நெல் குதிர்மேல் கால் வைத்து ஏறினால் பரண். துப்பாக்கியைக் கூடத்துக்கு இறக்கினோம். அண்ணன் ஒரு குதிரையை இழுத்து விசையை அழுத்தினான். வலது குழல் "டக்" என்றது. காலிதான். அப்புறம் இடது.

சத்தம் எனக்கு ஞாபகம் இல்லை. காது அடைத்துப்போய்விட்டது. கண்ணுக்குத் தெரிந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. குதிரின் வயிற்றில் ஒரு குழந்தையின் உள்ளங்கை அளவு ஓட்டை. அதிலிருந்து நெல் நூல் பிடித்த மாதிரி இறங்கிக்கொண்டிருக்கிறது. தரையில் அது சின்னக் குவியலாகும் வரை இரண்டு பேரும் அசையவில்லை. அந்தக் குதிருக்குப் பின்னால்தான் என் தங்கை உட்கார்ந்து சொப்பு வைத்து விளையாடுவாள். அன்றைக்கு அவளை அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு போயிருந்தாள்.

அப்பா அதற்கு இரண்டு நாள் முன்னால் படுகையிலிருந்து வந்தபோது ஒரு தோட்டாவை எடுக்க மறந்திருக்கிறார். ஒன்றை எடுத்தது ஞாபகம் இருந்ததால் இரண்டையும் எடுத்துவிட்டதாக நினைத்திருக்கிறார். இரட்டைக்குழலில் இது ஒரு பொறி.

4 பிப்ரவரி

அப்பா அடித்தாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. களிமண்ணும் வைக்கோலும் குழைத்து நெல் குதிரின் ஓட்டையை அடைத்தார். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. குதிர் இன்னும் இருக்கிறது, நெல் இல்லை. அடைத்த இடம் மட்டும் நிறம் மாறித் தழும்பு மாதிரி.

5 பிப்ரவரி

சரி, வேலைக்கு வருவோம். பாதுகாப்பாக வைப்பது என்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தோட்டா இல்லாமல் வை, பூட்டி வை, தோட்டாவை வேறு இடத்தில் பூட்டி வை. குழந்தை மருத்துவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். அமெரிக்காவில் 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இந்த நான்கையும் (காலி, பூட்டு, தோட்டாவுக்குப் பூட்டு, தனி இடம்) தனித்தனியாகப் பார்த்தார்கள். ஒவ்வொன்றுமே பிள்ளைகள் அடிபடுவதைக் குறைப்பதாகத் தெரிந்தது. நான்கையும் செய்ய முடியவில்லையா, இரண்டையாவது செய். ஒன்றுமே செய்யாமல் இருக்க அது சாக்கு ஆகாது.

காலி என்று வாயால் சொன்னால் போதாது. நெம்பைத் தள்ளிக் குழலை மடக்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இரண்டு துவாரத்திலும் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். சுண்டுவிரலை விட்டும் பார்ப்பேன். ஐம்பது வருஷம் கழித்தும் இரண்டு தடவை பார்க்கிறேன். மனைவிக்குச் சிரிப்பு.

இன்னொன்று. நம் ஊர் இரட்டைக்குழலுக்கு ஒரு வசதி உண்டு, பல பேர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. முன்கட்டையைக் கழற்றினால் குழல் தனியாக வந்துவிடும். அடிக்கட்டை, முன்கட்டை, குழல் என்று மூன்று துண்டு. குழலை ஒரு பீரோவில், கட்டையை வேறு அறையில் ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டினால், எந்தப் பிள்ளை எதை எடுத்தாலும் அது துப்பாக்கி ஆகாது. இரும்புப் பெட்டி வாங்க ஐம்பதாயிரம் ஆகும் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். செலவு இரண்டு பூட்டு.

லைசென்ஸைப் பற்றி: மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கும்போது எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். பாதுகாப்பான இடம் இருக்கிறதா என்பது 2016 ஆயுத விதிகளின்படி விண்ணப்பத்திலேயே இருக்கிறது. பெரும்பாலும் "இருக்கிறது" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம்.

6 பிப்ரவரி

மூன்று வருஷம் என்றது தப்பு. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஐந்து வருஷம். அதே திருத்தத்தில்தான் ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. பழைய கணக்கு மண்டையில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

9 பிப்ரவரி

மாமாவிடம் எப்படிக் கேட்பது என்ற கேள்வியை நான் தாண்டிப் போய்விட்டேன். அதுதான் கஷ்டமான பகுதி, அதனால்தான் தாண்டினேன் போல.

மருமகள் வந்து "உங்க துப்பாக்கி பத்திரமா இருக்கா?" என்று கேட்டால் எந்த மனிதருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். அவர் காதில் அது "நீங்கள் பொறுப்பில்லாதவர்" என்று விழும். நம் பக்கத்து ஆட்களுக்குத் துப்பாக்கி பாதி மரியாதை சமாச்சாரம். எங்கள் அப்பா கல்யாண வீட்டுக்குப் போனால் "துப்பாக்கிக்காரர் வந்துட்டார்" என்று பாய் போடுவார்கள். பன்றி ஒன்றைக்கூட அவர் சுட்டது கிடையாது.

துப்பாக்கியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பையனிலிருந்து ஆரம்பியுங்கள். "மாமா, இவன் எது கிடைச்சாலும் மேல ஏறிடறான், மெட்ராஸ்ல அலமாரி உச்சில உக்காந்திருக்கான்" என்று சொல்லுங்கள். மீதியை அவரே பிடித்துக்கொள்வார். பிடிக்காவிட்டால், "பரண்ல என்னென்ன இருக்கு, நான் ஒருதடவை இறக்கிச் சுத்தம் பண்ணித் தரட்டுமா?" என்று கேளுங்கள். பரணைச் சுத்தம் செய்கிறேன் என்று சொல்லும் மருமகளை யாரும் தடுத்ததில்லை.

10 பிப்ரவரி

மேலே சொன்னதைத் திரும்பப் படித்தேன், நைச்சியம் அதிகம். கணவரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அவர் வீடு, அவர் அப்பா. "எனக்கு என்ன ஆச்சு" என்கிறவர்தான் முதலில் பரணில் ஏறிப் பார்க்க வேண்டும்.

11 பிப்ரவரி

"பசங்களுக்குத் தெரியாது" என்பதைப் பற்றி.

அமெரிக்காவில் அலபாமா கிராமப்புறத்தில் துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பங்களில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியே கேட்ட ஓர் ஆய்வு உண்டு, 2006இல் வந்தது. எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது என்று சொன்ன பெற்றோர்களில் 39 சதவீதம் பேரின் பிள்ளைகள், எங்களுக்குத் தெரியும் என்றார்கள். தொட்டதே இல்லை என்று பெற்றோர் சொன்னவர்களில் 22 சதவீதம் பிள்ளைகள், தொட்டிருக்கிறோம் என்றார்கள்.

சொல்லி வளர்த்தால் போதும் என்பவர்களுக்கு இன்னொன்று. 2001இல் அட்லாண்டாவில் 8 முதல் 12 வயதுப் பையன்கள் 64 பேரை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டு, இழுப்பறையில் சுட முடியாத நிஜக் கைத்துப்பாக்கியை வைத்துக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தார்கள். 48 பேர் கண்டுபிடித்தார்கள். 16 பேர் விசையை இழுத்தே விட்டார்கள். கையில் எடுத்தவர்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல், துப்பாக்கிப் பாதுகாப்பைப் பற்றி ஏற்கெனவே யாரோ ஏதாவது சொல்லிக்கொடுத்திருந்த பையன்கள். கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அது பொம்மை என்று நினைத்தார்கள், அல்லது நிஜமா என்று தெரியவில்லை என்றார்கள்.

அவர்கள் ஊர் வேறு, நம் ஊர் வேறு என்பீர்கள். சரி. பையன்கள் பையன்கள்தான். எனக்கும் அண்ணனுக்கும் நூறு தடவை சொல்லியிருந்தார்கள்.

11 பிப்ரவரி, அப்புறம்

வெட்கக்கேடான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் எழுதுகிற நான் என்ன செய்திருந்தேன்? பீரோ பூட்டு, தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, எல்லாம் சரி. சாவியைச் சாமி அறையில் முருகன் படத்துக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்தேன். போன வருஷம் ஆயுத பூஜைக்கு மகள் திருச்சியிலிருந்து வந்திருந்தாள். பேரனுக்கு அப்போது ஐந்து. அரிவாள், மண்வெட்டி, தெளிப்பான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறேன். பேரன் உள்ளே போய் ஏதோ எடுத்து வந்து என் கையில் வைத்தான். "தாத்தா, துப்பாக்கிக்கும் பொட்டு வைக்கணும்ல, இந்தா சாவி."

அவன் அந்த வீட்டில் வருஷத்துக்கு இருபது நாள் இருந்தால் அதிகம்.

அப்பா சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தார். குளிக்கும்போதும் அங்கேதான். அந்தக் குதிர் சம்பவத்துக்குப் பிறகு வந்த வழக்கம். நாங்கள் "பொக்கிஷதாரர்" என்று கேலி செய்வோம். இப்போது நானும் இடுப்பில்தான் கட்டியிருக்கிறேன். எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனபோது கழற்றச் சொன்னார்கள், அன்றைக்கு மட்டும் மனைவி தாலிச் சரட்டில் கோத்துக்கொண்டாள்.

14 பிப்ரவரி

ஒருவர் கேட்டது: துணி உறையில் போட்டு வைத்தால் போதுமா? பாதுகாப்புக்கும் போதாது, துப்பாக்கிக்கும் ஆகாது. ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் சுவரே வியர்க்கிறது. துணியும் தோலும் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். உறைக்குள் துரு மஞ்சளாகப் பூத்து நிற்கும். தேங்காயெண்ணெய் போடாதீர்கள், பிசுபிசுத்துத் தூசி ஒட்டும். துப்பாக்கிக் கடையில் மெல்லிய எண்ணெய் கிடைக்கும், மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை துடைத்தால் போதும். அந்தத் துடைப்பதையும் பிள்ளைகள் தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் விரித்துப் போட்டுத் துடைக்கும்போதுதான் வாசலில் யாராவது கூப்பிடுவார்கள்.

2 மார்ச்

பக்கத்துத் தெருவில் ஒருவர் கிளி விரட்ட ஏர் கன் வாங்கித் திண்ணையில் சாய்த்து வைத்திருக்கிறார். கேட்டால், "இதுக்கு லைசென்ஸே வேணாம், விளையாட்டுச் சாமான்தானே?" என்கிறார். லைசென்ஸ் வேண்டாம் என்பது உண்மைதான்: குழல் துவாரம் 4.5 மில்லிமீட்டருக்கும், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர் கன்னுக்கு விதிவிலக்கு உண்டு. அந்தச் சின்ன ஈயக்குண்டுக்குக் கண் போகும் என்பதும் உண்மை. கிளியைச் சுட்டால் வனவிலங்குச் சட்டப்படிக் குற்றம் என்பதும் உண்மை. மூன்றாவதைச் சொன்னதும்தான் உள்ளே எடுத்து வைத்தார். பேரக்குழந்தைகள் திண்ணையில் விளையாடுவது அவருக்குக் காரணமாகத் தெரியவில்லை.

17 மார்ச்

தேர்தல் தேதி நேற்று வந்துவிட்டது. நமக்கு ஏப்ரல் 19. இனி ஸ்டேஷனிலிருந்து போன் வரும்: துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படையுங்கள். ஓட்டு எண்ணிக்கை ஜூன் 4, அதற்குப் பிறகுதான் திரும்பக் கிடைக்கும். ஆக உங்கள் பிள்ளைகளின் லீவு முழுக்க மாமாவின் துப்பாக்கி போலீஸ் கஸ்டடியில். உங்கள் மாமனாரிடம் உங்களுக்குப் பதிலாகத் தேர்தல் கமிஷனே பேசிவிட்டது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். துப்பாக்கி போகும், தோட்டா? "அது எங்கயோ ஒரு டப்பால இருக்கும்" என்றால், அந்த டப்பா பரணிலேயே இருக்கும்.

26 மார்ச்

என்னுடையதைக் கொடுத்துவிட்டு வந்தேன். ரசீதை லைசென்ஸ் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். அங்கே வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர், எண்பது இருக்கும், துப்பாக்கியைப் பழைய வேட்டியில் சுற்றிப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அவிழ்த்தபோது குதிரை இரண்டும் துருவேறி அசையவே இல்லை. காவலர், "தாத்தா, இத வச்சு யாரச் சுடப்போறீங்க?" என்றார். "எம் பேரு இதுலதான் தம்பி இருக்கு" என்றார் அவர். லைசென்ஸைச் சொன்னாரா, கட்டையில் செதுக்கியிருந்ததைச் சொன்னாரா, தெரியவில்லை.

எழுபது வயதைத் தாண்டியவர்கள், அல்லது இருபத்தைந்து வருஷம் வைத்திருந்தவர்கள், வாரிசுக்கு லைசென்ஸ் மாற்றிக் கொடுக்க விதியில் இடம் இருக்கிறது. வாரிசு சென்னையில் அடுக்குமாடியில் இருந்துகொண்டு துப்பாக்கியை என்ன செய்வான் என்பது வேறு கேள்வி. என் மகள் தெளிவாகச் சொல்லிவிட்டாள், "எனக்கு வேணாம்ப்பா" என்று.

29 ஏப்ரல்

திருவையாற்றுத் திருவிழாவில் ஏழூர்ப் பல்லக்கு பார்க்கப் பேரனை அழைத்துப் போனேன். கடைத்தெருவில் பலூன் சுடும் கடை. பத்து ரூபாய், ஐந்து குண்டு. அவனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானே கட்டையைத் தோளில் வைத்துக் கொடுத்தேன், மூன்று பலூன் உடைந்தது, கை தட்டினேன். வண்டியில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. தீபாவளிக்கு ரோல் கேப் துப்பாக்கி, திருவிழாவுக்குப் பலூன் துப்பாக்கி. எடு, குறி பார், அழுத்து, தாத்தா கை தட்டுவார் என்று வருஷம் முழுக்கப் பழக்குகிறோம். அப்புறம் பரணில் இருப்பது மட்டும் வேறு என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

பலூன் கடை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அடுத்த வருஷமும் போவோம். பூட்டுத்தான் வேலை செய்ய வேண்டும், பிள்ளையின் விவேகம் இல்லை என்று சொல்ல வந்தேன்.

12 மே

பாபநாசத்திலிருந்து சேதி. கேள்வி கேட்டவர் எழுதியது அப்படியே: "மாமா துப்பாக்கியை மார்ச் மாதமே கொடுத்துவிட்டார். பரணைச் சுத்தம் பண்ணலாமா என்றேன், சரி என்றார். தோட்டா டப்பா கிடைத்தது. பழைய பிஸ்கட் டின், மூடி இறுகாமல். என் பையன் எட்டுகிற உயரத்தில். மாமாவுக்கே முகம் மாறிவிட்டது. 1992இல் பத்து வாங்கினேன், ஒன்றுகூடச் சுடவில்லை என்கிறார். டின்னில் ஒன்பதுதான் இருக்கிறது."

டின்னை முதலில் பூட்டுங்கள். அவ்வளவு பழைய தோட்டாவை வைத்திருந்து ஒரு பயனும் இல்லை. குப்பையில் போடாதீர்கள், அடுப்பில் நிச்சயம் வேண்டாம், ஆற்றிலும் வீசாதீர்கள். ஸ்டேஷனில் கேட்டு ஒப்படைக்கலாம், அல்லது லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில்.

பத்தாவது எங்கே?

13 மே

மாமா ஒப்படைக்க மாட்டேன் என்கிறாராம். "கணக்கு உதைக்குது. ஒம்பதைக் கொண்டுபோய்க் கொடுத்தா ஒண்ணு எங்கன்னு கேப்பான்." பரண், தட்டுமுட்டு அறை, நெல் மூட்டை இடுக்கு எல்லாம் தேடியாயிற்றாம். பையனைக் கேட்டார்களா? கேட்டார்கள். அவன் அந்த டின்னையே பார்த்ததில்லை என்று சத்தியம் செய்கிறானாம். நம்பலாம் போலத்தான் இருக்கிறது, டின்மேல் அத்தனை தூசி.

20 மே

அண்ணனிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன், குதிர்க் கதையையும் எழுதியிருக்கிறேன் என்றேன். படிக்கச் சொன்னான். படித்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "டேய், வலது குழல் நான். இடது நீ."

இல்லை என்றேன். "நான் காலின்னு காமிச்சேன், நீ எனக்கு எனக்குன்னு பிடுங்கின. அப்பாகிட்ட நான்தான்னு சொன்னது நான். நீ அழுதுகிட்டு நின்ன."

இரண்டு நாளாக யோசிக்கிறேன். விசையின் குளிர்ச்சி விரலில் ஞாபகம் இருக்கிறது. முன்பு அது வேறு நாளின் ஞாபகம் என்று நினைத்திருந்தேன். மேலே பிப்ரவரி 3இல் எழுதியதை மாற்றவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

14 ஜூன்

துப்பாக்கி திரும்ப வந்துவிட்டது. குழல் கூடத்து பீரோவில், கட்டை மாடி அறைப் பெட்டியில். இரண்டு சாவியும் இடுப்பில். மேட்டூர் 12ஆம் தேதி திறக்கவில்லை, அணையில் தண்ணீர் இல்லை. போர் தண்ணீர் இருப்பவன் மட்டும் குறுவை போடுகிறான்.

9 ஜூலை

நேற்று மாட்டுக்கொட்டகையில் ஒன்று பார்த்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. துப்பாக்கிக்குப் பூட்டு, தோட்டாவுக்குப் பூட்டு, இடுப்பில் சாவி என்று இத்தனை அமர்க்களம் செய்த வீட்டில், கொட்டகை மாடக்குழியில் குளிர்பானப் பாட்டில் ஒன்று, முக்கால்வாசி, தேநீர் நிறத்தில். நாற்றங்காலுக்கு அடித்துவிட்டு மிச்சமான களைக்கொல்லி. ஆள் ஊற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மாடக்குழி என் இடுப்பு உயரம். பேரனுக்கு மூக்குக்கு நேர்.

துப்பாக்கியை எடுக்கப் பரண் ஏற வேண்டும், மடக்க வேண்டும், தோட்டா தேட வேண்டும். இதற்கு மூடியைத் திருகினால் போதும். அதுவும் நாம் அதற்கு வைத்திருக்கும் பெயர் என்ன? மருந்து. "மருந்து அடிக்கப் போறேன்", "மருந்து மிச்சம் இருக்கு". பிள்ளைக்குக் காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து.

பீகாரில் 2013 ஜூலையில் பள்ளி மதிய உணவு சாப்பிட்டு 23 பிள்ளைகள் செத்துப்போனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. யாரும் விஷம் வைக்க நினைக்கவில்லை.

மருந்தை வந்த டப்பாவிலேயே வைக்க வேண்டும். அதில் சாய்ந்த சதுரத்துக்குள் நிறம் இருக்கும்: சிவப்பு என்றால் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், பச்சைதான் கடைசி. பாட்டிலில் மாற்றி ஊற்றிவிட்டால் அந்த நிறமும் போய்விட்டது, வெறும் தேநீர். பாராகுவாட் மாதிரிக் களைக்கொல்லிக்கு முறிவு மருந்தே கிடையாது.

எலிக்கும் இப்படித்தான். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைத் தமிழ்நாட்டில் தடை செய்தாயிற்று, பல வீட்டில் பழைய டப்பா இன்னும் அலமாரியில். வயலுக்கு எங்கள் ஆள் மூங்கில் கிட்டிதான் வைக்கிறார், தஞ்சாவூர்க் கிட்டி என்கிற எலிப்பொறி. அதில் பேரன் விரல் மாட்டினால் வீங்கும், அழுவான், சாயங்காலம் மறந்துவிடுவான்.

துப்பாக்கிப் பேச்சில் இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு: எனக்கே தெரியவில்லை. துப்பாக்கியைப் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன், அதனால்தான் எழுதுகிறேன்.

10 ஜூலை

பீரோவின் கீழ்த்தட்டு இப்போது மருந்துக்கு என்று சொல்லப்போனேன், மனைவி விடவில்லை. துணி வைக்கும் பீரோவாம். கொட்டகையிலேயே பழைய தகர டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு போட்டாயிற்று. மூன்றாவது சாவி. அரைஞாண் இறங்குகிறது.

4 ஆகஸ்ட்

நேற்று ஆடிப்பெருக்கு. மேட்டூர் போன வாரம்தான் திறந்தார்கள், குடமுருட்டியில் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடியது. படித்துறையில் கூட்டம் சொல்லி மாளாது.

பாபநாசத்தில் அவர்களும் ஆடிப்பெருக்குக்கு வந்திருக்கிறார்கள். பையனுக்குச் சப்பரம், அதாவது ஆடிப்பெருக்குக்குப் பிள்ளைகள் இழுக்கும் சின்னத் தேர், கட்டித் தர வேண்டும் என்று கணவர் தன் சின்ன வயதுச் சப்பரத்தின் சக்கரத்தைத் தேடியிருக்கிறார். தட்டுமுட்டு அறை மூலையில் அவருடைய பள்ளிக்கூடத் தகரப் பெட்டி. பம்பரம், கோலிக்குண்டு, தீப்பெட்டிப் படம், சப்பரச் சக்கரம் மூன்று. அடியில் ஒரு துணி முடிச்சு. அதற்குள் தோட்டா, பித்தளை அடி பச்சை பூத்துப்போய்.

எட்டு வயதில் எடுத்தாராம். பளபளவென்று இருந்ததாம். சுத்தமாக மறந்தே போய்விட்டாராம். பரணில் ஏறி, டின்னைத் திறந்து, ஒன்றை எடுத்துக்கொண்டு, மூடியைப் பழையபடி வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார்.

மாமா ஒன்றும் சொல்லவில்லையாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, டின்னில் மற்ற ஒன்பதோடு போட்டு, "பத்து" என்றாராம். திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போகிறார்கள், மகனும் கூட.